கிளிப் பேச்சும் கோப்பில் ஏறியது தெரியுமா?

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. உளவுக் குறிப்பில் பேசும் கிளி ஒன்று இடம்பிடித்திருக்கிறது, தெரியுமா? 1970களின் தொடக்கம். வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர் குழு ஒன்றை வேவு பார்க்கப் போன ஆள், அந்தக் குழுவினர் வளர்த்த கிளியையும் விட்டுவைக்கவில்லை. பேச்சு சூடு பிடிக்கும்போதெல்லாம் “அப்படிப் போடு!” என்கிற தோரணையில் கிளி குரல் கொடுக்குமாம். அதையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பி, கோப்பில் சேர்த்துவிட்டார்கள். யாருடைய கோப்பு? பீட்டில்ஸ் புகழ் ஜான் லெனனுடைய கோப்பு!

ராக் கச்சேரி என்பது ஊரறிய நடப்பது. ஆயிரக்கணக்கானவர் முன்னால், காது கிழியும் ஒலிபெருக்கி வைத்து, விளக்கு போட்டு நடத்துவது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட ஒன்றை அரசுகள் ஏன் ஒளிந்து நின்று குறிப்பெடுத்தன, எடுத்த குறிப்பை ஏன் பல்லாண்டு பூட்டி வைத்தன? இதைத் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் தொலைக்காட்சி வேறு, சில நேரம் அரசின் கையாளாக, சில நேரம் அரசைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாக!

லெனன் கதையையே முழுதாகக் கேளுங்கள். 1971 டிசம்பர் 10, மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம், கிரைஸ்லர் அரங்கம். சுமார் 15,000 பேர். இரண்டே இரண்டு கஞ்சா சுருட்டுக்காக ஜான் சின்க்ளேர் என்ற கவிஞருக்குப் பத்து ஆண்டு சிறை விதித்திருந்தார்கள். அவரை விடுவிக்கச் சொல்லித்தான் அந்தக் கூட்டம். ஸ்டீவி வொண்டர் வந்தார், கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் வந்தார், மணி பின்னிரவு மூன்றைத் தாண்டிய பிறகு லெனனும் யோகோ ஓனோவும் மேடையேறினார்கள். சின்க்ளேருக்காகவே எழுதிய புதுப்பாட்டு. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அதே கூட்டத்துக்குள் இருந்த எஃப்.பி.ஐ. ஆட்கள் பாட்டின் வரிகளைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்! மூன்றாவது நாள் சின்க்ளேர் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். எழுதிக்கொண்டு போன வரிகளோ கோப்புக்குள் போய் ரகசியமாகிவிட்டன. அடுத்த ஆண்டு லெனன் வெளியிட்ட இசைத்தட்டின் உறையிலேயே அந்த வரிகள் அச்சாகியிருந்தன. கடையில் காசு கொடுத்தால் எவரும் வாங்கிப் படிக்கலாம். அரசுக்கு மட்டும் அது ரகசியம்!

ஒரு பாட்டுக்காரரிடம் ஏன் இவ்வளவு பயம்? காரணம் இருந்தது. 1971 ஜூலையில்தான் அமெரிக்காவில் 18 வயதானவர்களுக்கு வாக்குரிமை வந்தது. 1972-ல் அதிபர் தேர்தல். நாடு முழுக்கக் கச்சேரி நடத்தி, வந்த இளைஞர்களை அங்கேயே வாக்காளராகப் பதியவைக்கும் திட்டம் ஒன்றை லெனனும் நண்பர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 1972 பிப்ரவரியில் நிக்சன் அரசுக்குக் குறிப்பு அனுப்பினார்: லெனனை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவது நல்லது. விசா பிரச்சினை கிளம்பியது. சுற்றுப்பயணம் நடக்கவே இல்லை. அந்த ஆண்டு மே மாதம் டிக் கேவட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, என்னைப் பின்தொடர்கிறார்கள், என் தொலைபேசியை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று லெனன் வெளிப்படையாகச் சொன்னார். மனப்பிரமை என்று நினைத்தவர்கள் உண்டு. அவரைப் பின்தொடர்ந்தது உண்மை என்று அரசின் தாள்களே பிறகு சொல்லின.

அந்தத் தாள்கள் எப்படி வெளிவந்தன தெரியுமா? லெனன் சுட்டுக்கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1981-ல், கலிபோர்னியாவின் வரலாற்றுப் பேராசிரியர் ஜான் வீனர் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டார். சுமார் 300 பக்கம் இருப்பதாகத் தெரிந்தது. கிடைத்த பக்கங்களிலும் நிறைய வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. வழக்குப் போட்டார். சிலவற்றை வெளியிட்டால் அமெரிக்கா மீது வெளிநாடு ராணுவ நடவடிக்கை எடுக்கக்கூடும் என்றுகூட அரசு வாதாடியது! 1997-ல் பெரும்பகுதி கிடைத்தது. கடைசிப் பத்து ஆவணங்கள் வந்து சேர்ந்தது 2006 டிசம்பரில். இருபத்தைந்து ஆண்டு! அவற்றுக்குள் இருந்தது என்ன? லண்டனில் இடதுசாரிகள் இரண்டு பேர் ஒரு புத்தகக் கடையும் வாசக சாலையும் தொடங்க லெனனிடம் பணம் எதிர்பார்த்தார்கள், அவர் கொடுக்கவில்லை. இதுதான் ராணுவ ரகசியம்!

எல்லைப் படையின் நடமாட்டத்தை ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. சில ரகசியங்கள் உயிரைக் காக்கும். ஆனால் ரகசிய முத்திரை குத்துகிற கை, நாட்டைக் காக்கக் குத்துகிறதா, தன் முகத்தைக் காக்கக் குத்துகிறதா? குடிமக்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்தே ஆக வேண்டும். இதில் நமக்கொரு பெருமை உண்டு, தெரியுமா? 2005-ல் இந்தியா முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1997-ல், இந்திய மாநிலங்களில் முதலாவதாக அப்படியொரு சட்டம் இயற்றியது தமிழ்நாடு. விதிவிலக்குகள் நிறைந்த சட்டம்தான். ஆனாலும் முதல் அடி நம்முடையது!

லெனனுக்கு இந்தக் கதியென்றால் எல்விஸ் பிரெஸ்லியின் கதை நேரெதிர்! 1970 டிசம்பரில் விமானத்தில் பறந்துகொண்டே, அந்த விமான நிறுவனத்தின் கடிதத்தாளில், தன் கையால் அதிபர் நிக்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார் எல்விஸ். விடிந்ததும் வெள்ளை மாளிகை வாசலில் அதைக் கொடுத்தார். அன்றைக்கே, டிசம்பர் 21-ம் தேதியே, சந்திப்பு! அவர் கேட்டது போதைப்பொருள் தடுப்புத் துறையின் அடையாள வில்லை ஒன்று. கிடைத்தது. பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு எதிரான மனப்போக்கை வளர்ப்பவர்கள் என்று அதிபரிடம் அவர் சொன்னதாக, உடனிருந்த அதிகாரியின் குறிப்பு இருக்கிறது. எல்விஸ் விரும்பியபடி சந்திப்பு ரகசியமாகவே இருந்தது, ஓராண்டுக்கு மேல். ஜாக் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாளர் 1972 ஜனவரியில் அதை உடைத்தார். இருவரும் கை குலுக்கும் அந்தப் புகைப்படம்தான் இன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் மக்கள் மிக அதிகம் கேட்டு வாங்கும் படம்! ஆண்டர்சன் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

புரியாத பாட்டைப் புரிந்துகொள்ள எஃப்.பி.ஐ. இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்தது தெரியுமா? 1963-ல் கிங்ஸ்மென் குழு ‘லூயி லூயி’ என்ற பாட்டைப் பதிவுசெய்தது. ஒலிவாங்கியை உயரத்தில் தொங்கவிட்டிருந்ததால் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்தினார். பல்லில் கம்பி வேறு. ஒரு வார்த்தை விளங்கவில்லை. விளங்காததால் ஆபாசம் என்று வதந்தி பரவியது. ஒரு தகப்பனோ தாயோ அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் எழுத, ஆய்வுக்கூடத்தில் இசைத்தட்டை வேகம் மாற்றி மாற்றிச் சுழற்றினார்கள். எந்த வேகத்திலும் விளங்கவில்லை என்பதுதான் முடிவு! பாட்டின் உண்மையான வரிகள் ஒரு மாலுமி தன் காதலியை நினைத்து ஏங்குவது பற்றியவை. அதை எழுதிய ரிச்சர்ட் பெரி 1957-லேயே வெளியிட்டுவிட்டார். பாடிய ஈலியை எஃப்.பி.ஐ. கூப்பிட்டுக் கேட்கவே இல்லை!

இதுவரை சிரிக்கலாம். இனி வருவது சிரிப்பு அல்ல.

ராக் கச்சேரியின் வண்ண ஒளி, சுழலும் படங்கள், மணிக்கணக்கில் நீளும் வாசிப்பு, இவற்றுக்கெல்லாம் ஒரு வேர் சி.ஐ.ஏ.யின் ரகசியத் திட்டத்தில் இருக்கிறது, தெரியுமா? எம்.கே. அல்ட்ரா என்று திட்டத்துக்குப் பெயர். மனித மனத்தை மருந்தால் வசப்படுத்த முடியுமா என்ற ஆராய்ச்சி. 1960-ஐ ஒட்டி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்துச் சோதனைக்குக் காசுக்காக வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் கென் கீஸி, பிற்பாடு புகழ்பெற்ற நாவலாசிரியர். பணம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது. அந்த அனுபவத்தை அவர் ஊருக்குள் கொண்டுபோனார். 1965-லும் 66-லும் அவர் நடத்திய ‘ஆசிட் டெஸ்ட்’ இரவுகளில் சுவரெல்லாம் வண்ண ஒளி வழிய, வாசித்த குழு கிரேட்ஃபுல் டெட்! அந்தக் குழுவுக்குப் பாட்டு எழுதிய ராபர்ட் ஹன்டரும் அதே மாதிரிச் சோதனைக்கு உட்பட்டவர்தான்.

ஆனால் எல்லோரும் தெரிந்தே குடிக்கவில்லை. 1953 நவம்பரில் ஃபிராங்க் ஓல்சன் என்ற ராணுவ விஞ்ஞானிக்கு அவர் அறியாமல் மதுவில் எல்.எஸ்.டி. கலந்து கொடுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் விடுதியின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். மருந்து கொடுத்த விஷயம் குடும்பத்துக்குத் தெரிய வந்தது 1975-ல். இருபத்திரண்டு ஆண்டு மனைவி, பிள்ளைகளிடம் ஒரு அரசு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது! 1973-ல் சி.ஐ.ஏ. இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் திட்டத்தின் கோப்புகளை அழிக்க உத்தரவிட்டார். அழித்தார்கள். ஆனால் 1977-ல் சுமார் 20,000 பக்கம் தப்பித்தது தெரியவந்தது. எப்படி? அவை கணக்கு வழக்குத் தாள்கள். வேறு இடத்தில் இருந்ததால் அழிக்கப் போனவர்கள் கண்ணில் படவில்லை! செலவுக் கணக்கு எழுதி வைத்த ஏதோ ஒரு குமாஸ்தாவுக்கு வரலாறு கடன்பட்டிருக்கிறது.

அந்தக் கிரேட்ஃபுல் டெட் குழு 1974-ல் மேடையில் எழுப்பிய ‘ஒலிச்சுவர்’ பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சுமார் 600 ஒலிபெருக்கிகள்! மொத்தம் ஏறக்குறைய 75 டன்! மூன்று மாடி உயரம்! அதுவும் எங்கே? மேடையின் இருபுறமும் அல்ல, வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால். வாசிப்பவர் காதில் என்ன விழுகிறதோ அதேதான் கடைசி வரிசைக்காரர் காதிலும் விழ வேண்டும் என்பது அதை உருவாக்கிய ஔஸ்லி ஸ்டான்லியின் பிடிவாதம். ஆனால் ஒலிபெருக்கி பின்னால் இருந்தால் பாடுகிறவரின் ஒலிவாங்கிக்குள் அதே சத்தம் புகுந்து ‘கீ’ என்று ஊளையிடுமே? அதற்குக் கண்ட வழி அற்புதம். ஒவ்வொரு பாடகருக்கும் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஒலிவாங்கி, எதிரெதிர் மின்திசையில் இணைத்தது. பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் மேல் ஒலிவாங்கியில் உதட்டை ஒட்டி வைத்துப் பாடுவார். அந்தக் குரல் ஒன்றில் மட்டும் விழுவதால் அது மட்டும் பிழைத்து வெளியே வரும்! பழைய படங்களில் பாருங்கள், இரட்டை ஒலிவாங்கி தெளிவாகத் தெரியும். அந்த ஆண்டு முடிவதற்குள் செலவு தாங்காமல் மூட்டை கட்டிவிட்டார்கள். இதையெல்லாம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளங்கையளவு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுக் கச்சேரி பார்த்தேன் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ராக் இசையில் தாளம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டுக்கு வருகிறது. பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் நம்மோடு சேர்ந்து மூச்சு வாங்குகிறார். உளவாளிகளுக்கே இது தெரிந்திருக்கிறது. ஆன் ஆர்பருக்கு நேரில் ஆள் அனுப்பினார்களே!

உட்ஸ்டாக் திருவிழாவின் தொடக்க உரை நிகழ்த்தியவர் ஒரு தமிழர், தெரியுமா? 1969 ஆகஸ்ட் 15. நியூயார்க் மாநிலத்தில் மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலம். நான்கு லட்சத்துக்கு மேல் கூட்டம். சாலையெல்லாம் அடைத்துக்கொண்டதால் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார், காவி உடுத்த, நீண்ட தாடி வைத்த சுவாமி சச்சிதானந்தா. கோவை அருகே செட்டிபாளையத்தில் 1914-ல் ராமசாமியாகப் பிறந்தவர். பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சிவானந்தரின் சீடர். அமெரிக்கா போகுமுன் இலங்கையில் திருகோணமலையிலும் கண்டியிலும் ஆசிரமப் பணி செய்தவர். மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒலியின் ஆற்றலைப் பற்றி அந்தப் பெருங்கூட்டத்திடம் பேசினார். மழையும் சேறும் சோற்றுத் தட்டுப்பாடும் மிரட்டிய அந்த மூன்று நாட்களில் அவ்வளவு பெரிய கூட்டம் அடிதடியில் இறங்கவில்லை. அந்த அமைதியில் நம் கோவைக்காரரின் பங்கும் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு கச்சேரி. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். கிழக்கு வங்கத்தில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பண்டிட் ரவிசங்கர் வேதனையோடு ஜார்ஜ் ஹாரிசனிடம் சொல்ல, சில வாரங்களில் கூடியது அந்தக் கச்சேரி. ஒரே நாளில் இரண்டு காட்சி, சுமார் 40,000 பேர். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததுமே அரங்கம் கைதட்டியது! சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் ரவிசங்கர்.

அதே நேரத்தில் வாஷிங்டனில் என்ன நடந்தது தெரியுமா? டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், கிழக்கு வங்கத்தில் பாகிஸ்தான் ராணுவம் செய்யும் கொலையை நம் அரசு கண்டிக்காமல் இருப்பது தவறு என்று கண்டிக்கும் தந்தியை ஏப்ரல் 6-ம் தேதியே அனுப்பியிருந்தார். இருபது அதிகாரிகள் கையெழுத்திட்ட தந்தி! அது அமுக்கப்பட்டது. பிளட் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். நடுநிலை என்று வெளியே சொல்லிக்கொண்டு உள்ளே பாகிஸ்தான் பக்கம் சாயும்படி உத்தரவிட்டிருந்தார் நிக்சன். டிசம்பரில் நடந்த இந்திய-பாகிஸ்தான் போரின்போது அந்த உள்கூட்டக் குறிப்புகள் ஒரு பத்திரிகையாளர் கைக்குப் போயின. யார்? அதே ஜாக் ஆண்டர்சன்! 1972-ல் புலிட்சர் பரிசு வாங்கினார். அரங்கத்தில் கூடிய 40,000 பேர் பெயர் சொல்லி உதவி கேட்ட மக்களைப் பற்றி, அவர்களுடைய அரசு மூடிய அறைக்குள் வேறு பேசிக்கொண்டிருந்தது. எனக்கு இது ஆறவே இல்லை.

தொலைக்காட்சியைக் குறை சொல்லும் முன் அதன் பெருமையைச் சொல்லியாக வேண்டும். 1971 மார்ச் 8. முகமது அலிக்கும் ஜோ ஃபிரேசருக்கும் குத்துச்சண்டை, உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரவு. அந்த இரவையே தேர்ந்தெடுத்து, பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் எட்டுப் பேர் புகுந்து கோப்புகளையெல்லாம் பெட்டிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள்! தலைமை தாங்கியவர் ஒரு இயற்பியல் பேராசிரியர். தாள்கள் பத்திரிகைகளுக்குப் போயின. அவற்றுள் ஒரு துண்டுத்தாளில் ‘கோஇன்டெல்ப்ரோ’ என்ற விளங்காத பெயர் இருந்தது. இது என்ன என்று விடாமல் துரத்தியவர் என்.பி.சி. தொலைக்காட்சியின் செய்தியாளர் கார்ல் ஸ்டெர்ன். வழக்குப் போட்டு 1973 டிசம்பரில் ஆவணங்களை வாங்கினார். சொந்தக் குடிமக்களின் இயக்கங்களைக் குலைக்க எஃப்.பி.ஐ. நடத்திய ரகசியத் திட்டம் அது! புகுந்த எட்டுப் பேரை அரசால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. பெரும்பாலோர் 2014-ல் தாங்களாகவே வெளியே வந்து சொன்னார்கள். அதே 1973-ல், ஜூலை 16, வாட்டர்கேட் விசாரணை நேரலையில் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட் என்ற அதிகாரி, அதிபர் தன் அறைப் பேச்சையெல்லாம் ஒலிநாடாவில் பதிகிறார் என்று போட்டு உடைத்தார். கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்டாமல், ஒட்டாமல் காட்டும்போது தொலைக்காட்சியைப் போல ஒரு சாட்சி கிடையாது.

அதே பெட்டி காவல்துறைக்கு வேலை செய்தால்? செக்கோஸ்லோவாகியாவில் ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’ என்றொரு ராக் குழு. 1970-ல் வாசிக்கும் உரிமத்தையே அரசு பறித்துவிட்டது. அதன்பிறகு கல்யாண வீட்டில், கிராமத்துக் கொட்டகையில், கடைசி நேரத்தில் இடம் சொல்லிக் கச்சேரி. 1976-ல் பிடித்து வழக்குப் போட்டார்கள். அந்த விசாரணையை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர் நாடகாசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவல். கொதித்துப் போனார். அந்தக் கொதிப்புதான் 1977 ஜனவரியில் ‘சார்ட்டர் 77’ என்ற மனித உரிமைப் பிரகடனமாகத் திரண்டது! அரசுத் தொலைக்காட்சி சும்மா இருக்குமா? மேஜர் ஜெமன் என்ற போலீஸ் தொடரின் ஒரு பகுதியில், நீண்ட முடி வைத்த ராக் குழுவினரை விமானக் கடத்தல்காரர்களாகவே சித்திரித்தது. ஹாவல் சிறைக்குப் போனார், வந்தார், 1989 டிசம்பரில் நாட்டின் அதிபரானார். அடுத்த மாதம் அவரைப் பார்க்க பிராக் வந்து இறங்கியவர் ராக் இசைஞர் ஃபிராங்க் ஸாப்பா. யாருடைய பாட்டிலிருந்து அந்தத் தடைசெய்யப்பட்ட குழு தன் பெயரை எடுத்ததோ, அவரே!

நடக்காத கச்சேரிக்குக் கைது நடந்தது தெரியுமா? 1969 அக்டோபர் 7, கிழக்கு ஜெர்மனியின் இருபதாவது ஆண்டு விழா. பெர்லின் சுவரை ஒட்டி மேற்குப் பக்கம் உள்ள உயரமான கட்டடத்தின் மாடியில் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசிக்கப்போவதாக வானொலி அறிவிப்பாளர் ஒருவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். கிழக்குப் பக்கத்து இளைஞர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். தடியடி, கைது. ஸ்டோன்ஸ் வரவே இல்லை! 1987 ஜூனில் மேற்கு பெர்லினில் டேவிட் போவி உண்மையாகவே வாசித்தார். ஒலிபெருக்கிகள் சில கிழக்கு நோக்கித் திரும்பியிருந்தன. சுவருக்கு அந்தப் புறமிருந்து கூட்டம் சேர்ந்து பாடியது அவருக்கே கேட்டது. அடுத்த ஆண்டு கிழக்கு ஜெர்மன் அரசே புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை அழைத்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம், அரசுத் தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்பு! தடைகள் எல்லாம் ஒருநாள் தகரும் என்று அவர் ஜெர்மன் மொழியில் சொன்னபோது எழுந்த இரைச்சலை இன்று கேட்டாலும் மயிர்க்கூச்செறிகிறது. பதினாறே மாதத்தில் சுவர் விழுந்தது. கச்சேரியால் விழுந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாட்டுக் கேட்க ஒன்றுகூடிப் பழகியவர்கள் அடுத்து வேறு எதற்கும் ஒன்றுகூடுவார்கள் என்று ஸ்டாசி உளவுத்துறை பயந்தது சரியான பயம்தான். அந்த ஸ்டாசி விட்டுப்போன கோப்புகளை அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம்! கிழித்துச் சாக்கில் அடைத்தவை தனி. 1992 முதல் யார் வேண்டுமானாலும் தன்னைப் பற்றிய கோப்பைப் போய்ப் படிக்கலாம். எல்லா நாடுகளும் ஜெர்மனியிடம் கற்க வேண்டியது இது.

உளவுத்துறை இப்படிச் சேர்த்து வைக்க, சேர்த்து வைத்திருக்க வேண்டிய தொலைக்காட்சி என்ன செய்தது தெரியுமா? அழித்தது! பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் நேரடியாகத் தோன்றியது ஒரே ஒரு தடவை, 1966 ஜூன் 16. அந்த நாடா போயே போய்விட்டது. யாரோ வீட்டில் திரையைப் பார்த்துப் படம்பிடித்த 11 வினாடித் துண்டு ஒன்று 2019-ல் கிடைத்தபோது உலகமே கொண்டாடியது. 1969-ல் மனிதன் நிலவில் இறங்கிய இரவில் பிபிசி அரங்கில் பிங்க் ஃபிளாய்ட் நேரலையில் வாசித்தது. அதையும் பிபிசி வைத்துக்கொள்ளவில்லை! நாடா விலை அதிகம், மேலே வேறு நிகழ்ச்சி பதியலாம் என்ற சிக்கனம். ரகசியம் மறைப்பதற்கும் சிக்கனம் அழிப்பதற்கும் விளைவில் என்ன வித்தியாசம்? இரண்டிலும் நம் கைக்கு வர வேண்டியது வரவில்லை. எனக்கு இரண்டின் மீதும் ஒரே அளவு கோபம்.

நேரலை என்று போட்டாலும் முழுசாக நம்ப முடியாது. 1985 லைவ் எய்ட் கச்சேரியில், வெம்ப்லி அரங்கில் பால் மெக்கார்ட்னி பியானோ முன் உட்கார்ந்து பாடத் தொடங்கியபோது ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. குரல் கேட்காத அந்த இரண்டு நிமிடத்தை நிரப்பியது அரங்கிலிருந்த எழுபதாயிரம் பேரின் குரல்! பின்னாளில் வந்த பதிவில் அவர் குரலை ஸ்டுடியோவில் பாடிச் சேர்த்துவிட்டார்கள். எது நல்ல பதிவு என்று என்னைக் கேட்டால், குரல் இல்லாததுதான்.

கடைசியாக ஒன்று. 1984-ல் கிரேட்ஃபுல் டெட் குழு, தங்கள் கச்சேரிக்கு வருகிறவர்கள் ஒலிப்பதிவுக் கருவி கொண்டுவந்து பதிவுசெய்துகொள்ளத் தனி இடமே ஒதுக்கியது தெரியுமா? மற்ற குழுக்கள் வாசலில் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்த காலம் அது! விற்காமல் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நிபந்தனை. இன்று இணைய ஆவணக் காப்பகத்தில் அவர்களுடைய ஆயிரக்கணக்கான கச்சேரிப் பதிவுகளை இலவசமாகக் கேட்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். பதிவுசெய்தவர் பெட்டி கேன்டர். அவருடைய நாடாப் பெட்டிகள் 1980களில் வாடகை கட்டாத கிடங்கோடு சேர்த்து ஏலத்தில் போயின. ஏலம் எடுத்தவர்கள் தூசு தட்டிக் காப்பாற்றினார்கள். அந்தக் கச்சேரியைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்து அறிவித்தது யார் தெரியுமா? அமெரிக்க அரசின் காங்கிரஸ் நூலகம்!